தஸ்வந்த்: பத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துக் கொடுக்கும் முறை

குமரி மாவட்டத்தில் ‘பத்தில் ஒன்று’ என்பதை யாருக்கும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. மாதந்தோறும் சபைக்குத் தசமபாகக் கவர் கொண்டு போகும் குடும்பங்கள், உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைக்கும் பிடியரிசிப் பழக்கம், கடைக்காரர்களின் மகமை, ரமலானில் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஜகாத், அய்யாவழிப் பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் நடக்கும் தர்மம் என்று கொடையின் பல வடிவங்களும் இங்கே அடுத்தடுத்த தெருக்களில் நடக்கின்றன. சீக்கிய நெறியில் உள்ள தஸ்வந்த், அளவில் தசமபாகத்தை ஒத்தது. அந்தச் சொல்லுக்கே பத்தில் ஒரு பங்கு என்றுதான் பொருள். ஆனால் எந்த வருமானத்திலிருந்து எடுக்கிறோம், எப்போது எடுக்கிறோம், யாருடைய கையில் சேர்க்கிறோம் என்பவற்றில் அதற்கென்று தனி ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை இங்கிருந்தே எப்படிக் கடைப்பிடிப்பது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

அண்மை ஆண்டுகளில் தென்மாவட்டத் தமிழர்களில் சிலர் சீக்கிய நெறிக்கு வந்திருக்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் அவர்களுள் சிலர் தலைப்பாகையோடு வேட்பாளர்களாக நின்றபோதுதான் ஊரில் பலரும் அதைக் கவனித்தார்கள். பஞ்சாபில் ஊருக்கு ஊர் சீக்கியர்களின் வழிபாட்டிடமான குருத்வாரா இருப்பதால், பத்தில் ஒன்றை எங்கே கொண்டு சேர்ப்பது என்ற கேள்வி அங்கே பெரிதாக எழுவதில்லை. நமக்கு அதுதான் முதற்கேள்வி. சீக்கியராக அல்லாமல், இந்தக் கொடை முறையை மட்டும் தம் வாழ்வில் எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கும் கீழே சொல்லப்படுவது பொருந்தும்.

வருமானத்தைப் பார்ப்பது முதல் வேலை

சீக்கிய நெறியைத் தோற்றுவித்த குரு நானக் கற்பித்த வாழ்வை மூன்று கடமைகளாகச் சீக்கியர்கள் சொல்வார்கள்: இறைவன் பெயரை நினைத்தல், நேர்மையாக உழைத்துச் சம்பாதித்தல், சம்பாதித்ததைப் பகிர்ந்து உண்ணுதல். தஸ்வந்த் மூன்றாவதன் கீழ் வருவது. ஆனால் இரண்டாவது இல்லாமல் அது நிற்காது. ‘உழைத்து உண்டு, அதிலிருந்து தன் கையால் சிறிது கொடுப்பவரே, நானக், வழியை அறிந்தவர்’ என்பது சீக்கியர்களின் திருநூலான குரு கிரந்த் சாகிபின் 1245ஆம் பக்கத்தில் உள்ள குரு நானக்கின் வாக்கு. இதில் உழைப்பு முதலில் வருகிறது, உண்பது அடுத்து வருகிறது, கொடுப்பது அதன்பின் வருகிறது. ‘தன் கையால்’ என்ற சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும். குரு நானக் இங்கே ‘சிறிது’ என்றுதான் சொல்கிறார். பத்தில் ஒன்று என்ற திட்டமான அளவு, சமூகம் வளர்ந்து அதன் பொதுப்பணிகள் பெருகிய பின்னர் வந்த ஏற்பாடு.

மாலிக் பாகோ என்ற செல்வந்தர் வைத்த விருந்தை மறுத்துவிட்டு, பாய் லாலோ என்ற தச்சர் வீட்டு எளிய ரொட்டியைக் குரு நானக் உண்டார் என்றும், காரணம் கேட்டபோது இரண்டு உணவையும் கையில் எடுத்துப் பிழிய, லாலோவின் ரொட்டியில் பாலும் பாகோவின் பண்டத்தில் இரத்தமும் வடிந்தன என்றும் சீக்கிய மரபுக் கதை ஒன்று சொல்கிறது. இந்தக் கதையை ஒரு கணக்கு விதியாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வேலையாளுக்குக் கொடுக்க வேண்டிய கூலி பாக்கி இருக்கும்போது பத்தில் ஒன்றை எடுத்து வைப்பதில் பொருளில்லை. ரப்பர் பால்வெட்டுக்காரருக்கு இரண்டு மாதக் கூலியை நிறுத்தி வைத்துவிட்டு லங்கர் என்னும் பொதுப் பந்திக்கு அரிசி மூட்டை அனுப்புகிறவர், உண்மையில் அந்த வெட்டுக்காரரின் அரிசியைத்தான் அனுப்புகிறார். ஆகவே மாத முடிவில் முதலில் கூலி பாக்கி, கடையில் வாங்கிய கடன், கைமாற்று ஆகியவற்றைத் தீர்த்துவிட்டு உட்காருங்கள். கலப்படத்தாலோ எடைக் குறைவாலோ வந்த பணத்தைப் பத்தில் ஒன்று கொடுத்துத் தூய்மையாக்கிவிட முடியும் என்று இந்த நெறி எங்கும் சொல்லவில்லை.

எதில் பத்தில் ஒன்று?

மொத்த வருமானத்திலா, கைக்கு வந்ததிலா என்பதில் சீக்கியர்களிடையே இரண்டு வழக்கமும் உண்டு. நான் பரிந்துரைப்பது எளிமையான ஒரு விதி: தொழிலுக்கு ஆன செலவைக் கழியுங்கள், வீட்டுக்கு ஆன செலவைக் கழிக்காதீர்கள். மாதச் சம்பளக்காரருக்கு இதில் சிக்கலே இல்லை. கைக்கு 18,000 ரூபாய் வந்தால் 1,800 ரூபாய். குலசேகரம் பக்கத்தில் சிறு ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர், ஒரு மாதம் ஷீட்டும் ஒட்டுப்பாலுமாக 40,000 ரூபாய்க்கு விற்று, வெட்டுக்கூலிக்கும் ஆசிட் முதலான செலவுக்கும் 18,000 ரூபாய் கொடுத்திருந்தால், மீதி 22,000 ரூபாயில் 2,200 ரூபாய் தஸ்வந்த். தொழிலுக்கு வாங்கிய கடனின் வட்டி தொழிற்செலவு. வீடு கட்ட வாங்கிய கடனின் தவணை வீட்டுச் செலவு. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், திருமணத்துக்குச் செய்யும் முறை, பண்டிகைத் துணி எல்லாம் மீதி ஒன்பது பங்கிலிருந்து போக வேண்டியவை.

வருமானம் ஒழுங்காக வராத தொழில்களே நம் மாவட்டத்தில் அதிகம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுவிடுகிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் நம் மாவட்டத்தில் இரண்டு முறை வருகிறது. சின்னமுட்டம் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் படகுகள் கடலுக்குப் போவதில்லை. இத்தகைய தொழிலில் இருப்பவர் மாதக் கணக்கு வைத்துக்கொண்டால், வரவு உள்ள மாதத்துப் பங்கு வரவில்லாத மாதத்துச் செலவில் கரைந்துபோகும். அவர்களுக்கு நாள் கணக்கே ஏற்றது. டீசலும் ஐஸும் போய், படகுக்காரர் பங்கும் போய், கையில் 900 ரூபாய் வந்த அன்று 90 ரூபாயை எடுத்து வைத்துவிட வேண்டும்; வரவில்லாத நாளில் எடுத்து வைக்க ஒன்றுமில்லை, அதற்காக வருந்தவும் வேண்டியதில்லை. தோவாளைப் பூ வியாபாரிக்கும் இதே முறைதான். ஓணத்துக்கு முந்திய நாட்களின் விலையும் சாதாரண நாளின் விலையும் ஒன்றல்லவே.

நெல் வயல் உள்ளவர்கள் கன்னிப்பூ, கும்பப்பூ என்று அறுவடைக்கு அறுவடை கணக்குப் பார்க்கலாம். விளைபொருளாகவே கொடுப்பதும் முறைதான். பத்து ஏத்தன் வாழைக்குலையில் ஒன்று, பத்து மூட்டை நெல்லில் ஒன்று. ஆனால் நல்ல குலைகளைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, அடிபட்ட குலையைப் பத்தாவதாக எண்ணாதீர்கள்.

வளைகுடாவில் இருப்பவர் அங்கேயே சம்பளத்தில் பத்தில் ஒன்றை எடுத்துவிட்டால், அவர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் இன்னொரு முறை எடுக்க வேண்டியதில்லை. யார் எடுக்கிறார் என்பதைக் கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்துகொண்டால் போதும். தனி வருமானம் இல்லாத இல்லத்தரசிகளுக்குப் பிடியரிசிப் பழக்கத்தைவிடச் சிறந்த வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பத்தில் ஒன்று இப்போதைக்கு முடியாது என்கிறவர் இருபதில் ஒன்றிலிருந்தோ, அதனினும் குறைவிலிருந்தோ தொடங்கலாம். அம்ரித் என்னும் சீக்கியத் தீட்சை பெற்றவர்களுக்குத் தஸ்வந்த் கடமை என்பதை 1945இல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஏற்றுக்கொண்ட சீக்கிய ஒழுக்க விதித்தொகுப்பான ரெஹத் மரியாதா சொல்கிறது. மற்றவர்களுக்கு இது பழகிப் பழகி எட்ட வேண்டிய அளவு. மருந்துக்கே பணம் போதாத வீட்டில் இதை வலியுறுத்துவது தவறு. அந்த வீடு வாங்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, வாங்குவதில் இழிவு ஏதுமில்லை.

முதலில் எடுத்து வையுங்கள்

மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுப்பது தஸ்வந்த் ஆகாது. மிஞ்சுவது என்று ஒன்று எந்த வீட்டிலும் இருப்பதில்லை. பணம் கைக்கு வந்த அன்றே, சிறிது நேரம் தலையை மூடி அமர்ந்து நன்றி சொல்லி, பத்தில் ஒன்றைத் தனியே வைத்துவிடுங்கள். ஒரு மரப்பெட்டியோ தகரப் பெட்டியோ போதும்; சீக்கியர்கள் அதைக் கோலக் என்பார்கள், நம் ஊரில் உண்டியல். வங்கி வழியாகச் சம்பளம் பெறுகிறவர்கள் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, சம்பள நாளன்றே பணம் அதற்கு மாறும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடலாம். பெட்டிக்குள் போனது குருவின் பணம். அதிலிருந்து ‘வரும் வாரம் போட்டுவிடலாம்’ என்று எடுக்கக் கூடாது. உடன் ஒரு நோட்டு வைத்து, தேதி, வரவு, எடுத்து வைத்த தொகை, கொடுத்த இடம் ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். பிள்ளைகள் அந்த நோட்டைப் பார்த்து வளரட்டும்.

எங்கே கொடுப்பது?

இதற்கு வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நான்காம் குரு ராம்தாஸ் காலத்தில் தொடங்கி, ஐந்தாம் குரு அர்ஜன் காலத்தில் ஒழுங்குபடுத்தப்பட்டது மசந்த் முறை. மசந்துகள் என்போர் தொலைவில் உள்ள சீக்கியர்களிடம் காணிக்கையையும் பத்தில் ஒன்றையும் திரட்டிக் குருவிடம் கொண்டு வந்து சேர்த்த பிரதிநிதிகள். அந்தப் பணத்தில் அமிர்தசரஸில் பொற்கோயில் எனப்படும் ஹர்மந்திர் சாகிப் எழுந்தது. தரன் தாரனில் திருக்குளமும், தொழுநோயாளிகளுக்கான புகலிடமும் உருவாயின. நூறாண்டு கழிவதற்குள் மசந்துகளில் பலர் அந்தப் பணத்தைத் தமக்கே வைத்துக்கொள்ளவும், ஏழைகளைக் கசக்கிப் பிழியவும் தொடங்கினார்கள். பத்தாம் குரு கோவிந்த் சிங், மசந்துகளிடம் எதையும் கொடுக்க வேண்டாம், கொண்டு வருவதை நேரே என்னிடம் கொண்டு வாருங்கள் என்று ஆணை மடல்கள் எழுதி, அந்த முறையையே ஒழித்தார். 1699இல் வைசாகி என்னும் சித்திரைப் பிறப்புத் திருநாளில், தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சா உருவானதை ஒட்டிய ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றத்தை, தஸ்வந்த் வரலாற்றின் நடுப்புள்ளி என்றே நான் கருதுகிறேன். குரு நானக் சொன்ன ‘தன் கையால்’ என்ற சொல்லின் பொருள் இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. அதே பாடலில் சற்று முன்னதாக, தன்னைக் குரு என்றும் பீர் (இசுலாமிய ஞானி) என்றும் சொல்லிக்கொண்டு இரந்து திரிபவனின் காலில் விழாதே என்றும் அவர் சொல்கிறார்.

எனக்கே இதில் ஒரு பாடம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சாப்பாடு போடுவதாகச் சொன்ன ஒருவரிடம் மாதந்தோறும் என் பங்கைக் கொடுத்து வந்தேன். ஏழு மாதம் கழித்து ஒரு நண்பகலில் நானே அங்கே போய்ப் பார்த்தேன். அப்படி ஒரு பந்தி அங்கே நடக்கவே இல்லை. அவர் செய்தது தவறு. ஒரு முறைகூடப் போய்ப் பார்க்காமல் ஏழு மாதம் கொடுத்ததில் என் தவறும் உண்டு. அதன்பின் நான் கண்ணால் பார்க்காத இடத்துக்கும், கணக்குக் காட்டாத இடத்துக்கும் கொடுப்பதில்லை.

மரபுப்படி தஸ்வந்த் சேர வேண்டிய இடம் குருவின் கோலக். இன்று அது குருத்வாராவின் உண்டியலாகவும், சீக்கியப் பொதுப்பணிகளாகவும் இருக்கிறது. சென்னை தியாகராய நகரில் குருத்வாரா இருக்கிறது. குரு நானக்கின் தெற்குப் பயணத்தோடு மரபு இணைத்துப் பேசும் இராமேசுவரத்திலும் ஒரு குருத்வாரா இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது பங்கின் ஒரு பகுதியை அங்கே சேர்க்கலாம். அமிர்தசரஸில் பகத் பூரன் சிங் தொடங்கிய பிங்கல்வாடா, கைவிடப்பட்ட நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் பேணி வருகிறது. பங்கை அங்கேயும் அனுப்பலாம்.

இவற்றுக்கு இணையான இன்னொரு கோலக்கும் இருக்கிறது. ஏழையின் வாயைக் குருவின் உண்டியலாகக் கருத வேண்டும் என்று ரெஹத் மரியாதாவே சொல்கிறது. பஞ்சாபியர் பேச்சிலும் இது பழமொழியாக வழங்குகிறது. ஆகவே அருகில் குருத்வாரா இல்லையே என்று குமரி மாவட்டத்துக்காரர் தயங்க வேண்டியதில்லை. தடைக்காலத்தில் அடுப்பு எரியாத மீனவர் வீட்டுக்கு அரிசியும் பருப்பும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வந்து நாள்கணக்கில் வெளியே காத்திருப்பவருக்கு ஒரு வேளைச் சோறு, பனையேற்றம் நின்றுபோன முதியவரின் மருந்துச் செலவு, செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளியின் பிள்ளைக்குப் புத்தகம் என்று குருவின் உண்டியல் நம்மைச் சுற்றியே இருக்கிறது. வாங்குகிறவரின் சாதியையோ மதத்தையோ கேட்கக் கூடாது. பஞ்சாபின் ஆனந்த்பூர் போரில் பகைவரின் காயம்பட்ட வீரர்களுக்கும் தண்ணீர் கொடுத்த பாய் கன்னையா மீது முறையீடு வந்தபோது, குரு கோவிந்த் சிங் அவரைக் கண்டிக்கவில்லை. காயத்துக்குப் போட மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார் என்று மரபு சொல்கிறது.

நான் கடைப்பிடிப்பது இது: பங்கில் பாதி, பெயரும் முகமும் தெரிந்த அண்டை வீடுகளுக்கு, மீதிப் பாதி, குருத்வாராவுக்கும் லங்கருக்கும். இந்தப் பிரிவு விதி அல்ல, உங்கள் ஊர் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

சிறிய லங்கர் ஒன்று நடத்த

லங்கரில் எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து ஒரே உணவை உண்பார்கள். அந்த வரிசைக்குப் பஞ்சாபியில் பங்கத் என்று பெயர். நம்முடைய ‘பந்தி’யும் அதுவும் ஒரே வடசொல்லிலிருந்து கிளைத்தவை. உயர்ந்தவர், தாழ்ந்தவர், தீண்டத்தக்கவர், தகாதவர் என்ற வேறுபாட்டை அழிப்பதும், சேவையைப் பழக்குவதும் லங்கரின் இரு நோக்கங்கள் என்று ரெஹத் மரியாதா குறிப்பிடுகிறது. சேர்ந்து உண்பதற்கும், ஒரே கிணற்றில் நீர் எடுப்பதற்கும் போராட வேண்டியிருந்த மண் இது. எல்லாச் சாதியாரும் பயன்படுத்தச் சாமிதோப்பில் முத்திரிக் கிணறு அமைத்து, ஒடுக்கப்பட்டிருந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டி வணங்கச் செய்த அய்யா வைகுண்டரின் மண்ணுக்கு, தலைப்பாகையும் சமபந்தியும் அந்நியமானவை அல்ல. ‘தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்’ என்று அய்யாவழி மக்கள் சொல்வதை லங்கரின் வாசலில் எழுதி வைத்தாலும் பொருந்தும்.

உணவு சைவமாக இருக்க வேண்டும்; யார் வந்தாலும் தயக்கமின்றி உண்ணலாம் என்பதற்காகவும் அது நல்லது. ரொட்டிதான் வேண்டும் என்பதில்லை. சம்பா அரிசிச் சோறு, பருப்பு, அவியல் போதும். எளிய முறையில் கஞ்சியும் சிறுபயறும் மரச்சீனிக் கிழங்கும் போதும். நூறு பேருக்கு ஏறத்தாழ 12 முதல் 14 கிலோ அரிசி தேவைப்படும். சமைப்பவரும் பரிமாறுபவரும் குளித்து, தலையை மூடி, செருப்பைக் கழற்றி, கை கழுவிவிட்டு வேலையில் இறங்க வேண்டும். சமையலிடத்தில் புகையிலையும் மதுவும் அறவே கூடாது. பரிமாறுவதற்கு முன் அர்தாஸ் என்னும் பொது வேண்டுதலைச் சொல்வது வழக்கம். மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களின் அருகில் என்றால் உரிய அனுமதியை முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.

அரிசி வாங்கிக் கொடுத்தவரும் பந்தியில் உண்பவர்களோடு அமர வேண்டும். பிறகு எழுந்து பாத்திரம் கழுவ வேண்டும். சிறப்பு விருந்தினருக்கு நாற்காலி, மற்றவருக்குத் தரை என்று பிரித்தால் அது லங்கர் அல்ல. முழங்கால் மடக்க இயலாத முதியவருக்கு இருக்கை தருவது வேறு. இன்னொன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: கொடுத்தவர் படம் போட்ட ஃபிளெக்ஸ் வேண்டாம், பொட்டலத்தை நீட்டியபடி, வாங்குகிறவரைக் கேமராவைப் பார்க்கச் சொல்லி எடுக்கும் புகைப்படமும் வேண்டாம். ஒரு வேளைச் சோற்றுக்கு அவருடைய முகத்தை விலையாகக் கேட்கிறோம் என்பதை நம்மில் பலர் உணர்வதில்லை.

நேரமும் ரசீதும்

பணத்தைப் போலவே நேரத்திலும் பத்தில் ஒன்று கொடுக்க வேண்டும் என்று கருதும் சீக்கியர்கள் உண்டு. 24 மணி நேரத்தில் அது 2 மணி 24 நிமிடம். அதிகாலை வழிபாட்டையும் சேவையையும் சேர்த்து அதை நிறைவு செய்வார்கள். பணமாகக் கொடுக்க இயலாதவர், வாரம் ஒரு மாலை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம், முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம்.

அறநிறுவனங்களுக்குக் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். கேட்பது அவமதிப்பு ஆகாது. 80ஜி என்று பலரும் அறிந்த வருமான வரிக் கழிவு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும்; ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்ததற்கும், அரிசி, துணி என்று பொருளாகக் கொடுத்ததற்கும் அது கிடைக்காது. வரிச் சலுகை இல்லை என்பதற்காக அண்டை வீட்டுக்குக் கொடுப்பதைக் குறைத்துவிடாதீர்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை கணக்கை முடிப்பது நல்லது. மசந்துகள் திரட்டியதைக் குருவிடம் கொண்டு சேர்த்த நாட்களில் வைசாகி முக்கியமானது. நம் சித்திரை விஷுவும் அதே நாளையோ அடுத்த நாளையோ ஒட்டித்தான் வருகிறது. விஷுவுக்கு முந்திய மாலையில் குடும்பமாக உட்கார்ந்து நோட்டைக் கூட்டிப் பாருங்கள். ஆண்டு வருமானத்துக்கும் எடுத்து வைத்த தொகைக்கும் இடைவெளி இருந்தால் அதை எழுதி வைத்து, வரும் மாதங்களில் நிரப்புங்கள். பெட்டியில் மீதமிருப்பதை முழுவதும் எடுத்துக் கொடுத்துத் தீருங்கள். மறுநாள் காலை பிள்ளைகளுக்கு விஷுக் காசான கைநீட்டம் கொடுக்கும்போது, அவர்கள் கையில் விழும் பத்து நாணயத்தில் ஒன்றைக் காலியான அந்தப் பெட்டியில் அவர்களே போடட்டும்.